டக்ட் ஸ்மோக் டிடெக்டர்: விளக்கு எரிந்தால் போதாது, காற்று போகிறதா என்று பாருங்கள்

தீபாவளிக்கு முந்தின ராத்திரி மாசி வீதிகள் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குள் கடைசி நேரக் கூட்டம், வெளியே வெடிச்சத்தம். நான் மெயின்டனன்ஸ் பார்க்கும் ஜவுளிக்கடையில் அன்றைக்கு இரண்டாவது மாடி முழுக்க வெடிமருந்து வாசம், கண்ணெல்லாம் எரிந்தது. வெளிக்காற்று எடுக்கிற வழியாகப் புகை உள்ளே வந்து, ஏ.ஹெச்.யூ. (காற்றைக் குளிர்வித்து மாடிக்கு அனுப்பும் இயந்திரம்) அதை மாடி முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது. ஆனால் சப்ளை டக்டில், அதாவது அந்தக் காற்றை மாடிக்குக் கொண்டு போகும் பாதையில், இருக்கும் ஸ்மோக் டிடெக்டர் அடிக்கவே இல்லை. வியாபாரம் கெடவில்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் முன்னால்தான் அதைக் காந்தம் வைத்து டெஸ்ட் செய்து, சரியாக இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன்.

2020 தீபாவளி சமயத்தில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் பிடித்த தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் கட்டடம் இடிந்து இறந்துபோனார்கள். அந்தப் பக்கமாகத்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். இது கையெழுத்துக்காகச் செய்கிற வேலை இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பேனல் (அலாரத்தைக் காட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி), லூப் (டிடெக்டர்களை அதோடு இணைக்கும் வயர்), ஏ.ஹெச்.யூ. இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். டக்ட் டிடெக்டரில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கூரையில் இருக்கும் டிடெக்டருக்குப் புகை தானாக வந்து சேரும். டக்ட் டிடெக்டரோ டக்டுக்கு வெளியே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் டக்டுக்குள் போகும். நீளமான, வரிசையாக ஓட்டை போட்ட குழாய் காற்றைப் பெட்டிக்குள் எடுத்து வரும், குட்டைக் குழாய் அதைத் திரும்ப டக்டுக்குள் விடும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அழுத்த வித்தியாசம்தான் காற்றை நகர்த்துகிறது. வித்தியாசம் இல்லையென்றால் டக்ட் முழுக்கப் புகை ஓடினாலும் பெட்டிக்குத் தெரியாது.

முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

கடை மூடிய பிறகுதான் நாங்கள் செய்வோம். செக்யூரிட்டி, லிஃப்ட் பார்ப்பவர், மேனேஜர் மூவருக்கும் சொல்லிவிட்டு, பேனலில் ஹூட்டரை (அலாரச் சத்தம் போடும் கருவியை) மட்டும் தற்காலிகமாக நிறுத்துங்கள். அலாரம் வந்தால் ஏ.ஹெச்.யூ.வைத் தானாக நிறுத்தும் இணைப்பான இன்டர்லாக்கை நிறுத்தாதீர்கள், கடைசியில் அதையும் சோதிக்கப் போகிறோம். நிறுத்தி வைத்ததை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பேனல் கதவிலேயே ஒட்டுங்கள். மறுபடி போட மறக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பெட்டியைத் திறந்து சுத்தம் செய்வது

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் பெட்டியைத் தேடியே பாதி ராத்திரி போய்விடும். ஒருமுறை கண்டுபிடித்ததும் கீழே சீலிங் ஓட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். மூடியைக் கழற்றியதும் பேனலில் ஃபால்ட் வரும், பயப்பட வேண்டாம். வாக்குவம் வைத்துத் தூசியை இழுங்கள், அப்புறம் மென்மையான பிரஷ். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். ப்ளோயரை எடுத்தவுடன் அடித்தால் தூசி டிடெக்டரின் உள்ளறைக்குள் போய்விடும்.

குழாய்: இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன்

தீபாவளி முடிந்த வாரம் நானும் உதவிக்கு வரும் தம்பியும் அந்தக் குழாயை வெளியே இழுத்தோம். ஓட்டைகளில் சாம்பல் நிறப் பஞ்சு அடைத்திருந்தது, நடுநடுவே சிவப்பு நூல் இழை. துணிக்கடைக் காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும், அது எதிர்பார்த்ததுதான். ஒவ்வொரு ஓட்டையாக நைலான் பிரஷால் குத்தி எடுத்துத் திரும்ப மாட்டப் போகும்போது தம்பி கேட்டான், "அண்ணே, இந்த ஓட்டை எந்தப் பக்கம் பார்க்கணும்?"

காற்று வருகிற பக்கம் பார்க்க வேண்டும். மழையைப் பிடிக்க வைத்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தால் எப்படியோ, ஓட்டை மறுபக்கம் திரும்பினால் அப்படித்தான். எங்களுடையது திரும்பித்தான் இருந்தது. அந்த இடத்தில் சப்ளை டக்டும் ரிட்டர்ன் டக்டும் (மாடிக் காற்றை ஏ.ஹெச்.யூ.வுக்குத் திரும்பக் கொண்டு போவது) பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, காற்று எதிரெதிர்த் திசை. பொருத்தியவர் இரண்டிலும் குழாயை ஒரே பக்கம் பார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ரிட்டர்ன் சரி, சப்ளை தலைகீழ்.

காந்த டெஸ்டில் இது ஏன் தெரியவில்லை? காந்தம் எலக்ட்ரானிக்ஸை மட்டும்தான் சோதிக்கும். விளக்கு எரியும், பேனலுக்குச் செய்தி போகும், ஏ.ஹெச்.யூ.கூட நிற்கும். புகை உள்ளே வருமா என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது.

அதனால் குழாயில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, திசை. சப்ளையில் காற்று ஏ.ஹெச்.யூ.வை விட்டு விலகிப் போகும், ரிட்டர்னில் அதை நோக்கி வரும். டக்டைக் கண்ணால் தொடர்ந்து போய் உறுதி செய்துகொண்டு, டக்டின் மேலேயே மார்க்கரால் பெரிய அம்புக்குறி போடுங்கள். இரண்டு, நீளமான குழாயின் கடைசி முனையில் அடைப்பான் இருக்க வேண்டும். அது விழுந்துவிட்டால் காற்று முனை வழியாகப் போய்விடும், ஓட்டைகளுக்கு வேலை இருக்காது. மூன்று, குழாய் டக்டின் அகலத்துக்கு ஏற்ற நீளத்தில் இருக்கிறதா. 3 அடிக்கு மேல் நீளமானால் மறுமுனைக்கும் தாங்கல் கொடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஆடும்.

டக்ட் வளைவுக்கு ஒட்டி டிடெக்டர் வைத்திருந்தால் அங்கே காற்று சுழலும், சீராக வராது. வளைவிலிருந்து டக்ட் அகலத்தைப் போல 6 மடங்கு தூரம் தள்ளி வைக்கச் சொல்வதுதான் வழக்கம். பழைய கட்டடத்தில் அவ்வளவு இடம் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் அடுத்த படியை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

மானோமீட்டர்

ஏ.ஹெச்.யூ.வை ஓடவிட்டு, பெட்டிக்குள் இரண்டு குழாய் வாயிலும் ரப்பர் அடைப்பான் வழியாக மானோமீட்டர் (அழுத்த வித்தியாசத்தை அளக்கும் கருவி) டியூபைச் சொருகி வித்தியாசத்தைப் பாருங்கள். எங்களிடம் இருக்கும் மாடலுக்குக் கையேட்டில் 0.01 முதல் 1.11 அங்குலம் நீர் (அழுத்தத்தை நீரின் உயரமாகச் சொல்லும் அளவு) வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. உங்கள் மாடலின் அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாக இருந்த எங்கள் குழாயில் 0.00. திருப்பி மாட்டியதும் 0.09. அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் தீபாவளிக்கு முந்தின ராத்திரி அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று புரிந்தது.

சிலர் கண்ணாடி டியூபில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். வேண்டாம். 0.01 அங்குலம் என்பது கால் மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. 1 பாஸ்கல் வித்தியாசத்தையாவது காட்டக்கூடிய டிஜிட்டல் மானோமீட்டரை வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

புகை விட்டுச் சோதிப்பது

டிடெக்டர் டெஸ்டுக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை, கையேட்டில் சொன்ன துளை வழியாகக் கொஞ்சமாக அடியுங்கள். அலாரம் வந்ததும் மூன்று இடத்துக்கு ஆள் நிறுத்துங்கள்: பேனலில் சரியான இடத்தின் பெயர் வருகிறதா, ஏ.ஹெச்.யூ. உண்மையிலேயே நின்றதா, டேம்பர் (டக்டில் காற்றை அடைக்கும் தகடு) முழுக்க மூடியதா. டேம்பரை நேரில் போய்ப் பாருங்கள். பேனலில் மூடியதாகக் காட்டிவிட்டுப் பாதியில் சிக்கி நின்ற டேம்பரை நான் பார்த்திருக்கிறேன்.

புகை அடங்கிய பிறகு பேனலில் ரீசெட் கொடுத்தால்தான் அலாரம் போகும், ஏ.ஹெச்.யூ. மறுபடி ஓடும். டெஸ்ட் துளையின் ரப்பர் மூடியைத் திரும்பப் போட்டீர்களா என்று பாருங்கள். அது திறந்திருந்தால் காற்று கசிந்து நீங்கள் எடுத்த அளவெல்லாம் மாறிவிடும். தேதியையும் மானோமீட்டர் அளவையும் பெட்டி மேலேயே ஸ்டிக்கரில் எழுதுங்கள். அடுத்த முறை எண் பாதியாகக் குறைந்திருந்தால் பஞ்சு அடைக்கிறது என்று உடனே தெரியும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? என்.எஃப்.பி.ஏ. 72 என்ற அமெரிக்கத் தீ அலார விதிமுறை வருடத்துக்கு ஒருமுறை இயக்கச் சோதனை கேட்கிறது. ஜவுளிக்கடைக்கு அது பத்தாது என்பது என் கருத்து. நாங்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை குழாயை எடுத்துச் சுத்தம் செய்கிறோம். ஆடிக் காற்று முடிந்ததும் ஒருமுறை கட்டாயம்.

இன்னொன்று. டக்டில் டிடெக்டர் இருக்கிறது என்று ஹாலில் கூரை டிடெக்டரைக் குறைக்காதீர்கள். ராத்திரி ஏ.ஹெச்.யூ. நின்றுவிட்டால் டக்டில் காற்று ஓடாது, இந்த டிடெக்டருக்கு எதுவும் வந்து சேராது.

பிறகு சேர்த்தவை

ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை விட்டுச் சோதிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். அலாரம் வரும்தான். ஆனால் அந்தப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு உள்ளறையில் படிந்து, தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் பொய் அலாரம் தொடங்கும். ஏ.ஹெச்.யூ.வில் காற்றைக் குளிர்விக்கும் காயிலை கெமிக்கல் அடித்துக் கழுவும் நாளிலும் அந்த ஆவிக்கு டிடெக்டர் அடிக்கலாம், முன்கூட்டியே பேனல் பார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

தீபாவளிக்கு என்ன செய்வது என்றும் கேட்டார்கள். டிடெக்டரை நிறுத்தாதீர்கள். வெடிப்புகை அதிகமாக இருக்கும் அந்தச் சில மணி நேரம் வெளிக்காற்று டேம்பரை மட்டும் மூடி வையுங்கள். நாங்கள் சாயங்காலம் 6 மணிக்கு மூடிவிட்டு, கூட்டம் குறைந்ததும் திறக்கிறோம்.

திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர் நல்ல விஷயம் ஒன்று சொன்னார். அவர்கள் ஏ.ஹெச்.யூ.வுக்கு வி.எஃப்.டி. (விசிறி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) உண்டு. பகலில் முழு வேகத்தில் எடுத்த அளவு சரியாக இருக்கிறது, ராத்திரி வேகம் குறைந்ததும் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே போய்விடுகிறது. நான் அதுவரை முழு வேகத்தில் மட்டும்தான் அளந்திருந்தேன். இப்போது மிகக் குறைந்த வேகத்தில் வைத்தும் அளந்து, இரண்டு எண்ணையும் ஒரே ஸ்டிக்கரில் எழுதுகிறோம். எங்கள் மூன்றாவது மாடி டிடெக்டர் அந்த வேகத்தில் தேறவில்லை. குறைந்த காற்றிலும் வேலை செய்யும் மாடல் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை அந்த ஏ.ஹெச்.யூ.வின் குறைந்தபட்ச வேகத்தை ஏற்றி வைத்திருக்கிறோம்.