தோற்கிற அணியைப் பின்தொடர்வது எப்படி: ஐஸ்லாந்தின் இளையோர் கால்பந்து

புள்ளிப் பட்டியலை முதலில் மூடி வையுங்கள். ஐஸ்லாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியைப் பின்தொடர விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். "எப்பப் பாத்தாலும் தோக்குற டீம எதுக்கு மாமா பாக்குறீங்க?" என்று என் அக்கா மகன் கேட்பான். ஸ்கோரை மட்டும் பார்த்தால் அவன் கேட்பது நியாயம்தான். எனக்கு அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை. பெயரும் பிறந்த தேதியும் வரிசையாக அடுக்கியிருந்தால் கண் தானாக அங்கே போய் நின்றுவிடும். இந்த அணியைப் புரிந்துகொள்ள அந்தப் பழக்கம் போதும்.

பிறந்த ஆண்டுக்கு ஒரு பக்கம்

ஒரு நோட்டை எடுத்து, பிறந்த ஆண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அணிக்கு ஒரு பக்கம் என்று வைத்தால் சீக்கிரமே குழம்பிப்போகும். இளையோர் அணியில் பெயர்தான் நிலையாக இருக்கும், ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆண்டுப் பக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. 17, 19, 21 என்று வயதணி ஏற ஏற, பையன்கள் அதே பக்கத்தில்தான் இருப்பார்கள். புதிதாகச் சேர்பவரைச் சேர்த்துக்கொள்ளலாம், காணாமல் போனவருக்கு நேரே ஒரு கோடு போடலாம்.

ஐஸ்லாந்தில் மொத்தமே நாலு லட்சத்துக்கும் குறைவான மக்கள். 1989, 1990ஆம் ஆண்டுகளில் அங்கே பிறந்த குழந்தைகள் ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கும் கீழே. அதில் பாதி பையன்கள். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் அங்கே பெரிய ஆட்டம், அதற்குப் போனவர்களைக் கழியுங்கள். பாதியில் விட்டவர்களையும் கழியுங்கள். மிச்சத்தில் சர்வதேசத் தரத்துக்கு ஆடக்கூடியவர்கள் ஒரு ஆண்டில் இரண்டு மூன்று பேர் தேறினாலே பெரிய விஷயம். ஜெர்மனியில் ஒரு ஆண்டு சுமாராகப் போனால் யாருக்கும் தெரியாது. ஐஸ்லாந்தில் அந்தப் பள்ளம் அப்படியே மேலேறிப் பெரியவர்கள் அணி வரை போகும்.

வயது விதியையும் ஒரு தடவை சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். தகுதிச் சுற்று தொடங்கும் ஆண்டில் 21 வயதைத் தாண்டாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுற்று இரண்டு ஆண்டு ஓடும் என்பதால் இறுதித் தொடர் வரும்போது பலருக்கு 23 ஆகியிருக்கும். 2011 ஐரோப்பியத் தொடருக்கு 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் ஆடினார்கள். அல்பேனியாவும் செர்பியாவும் நடத்தும் 2027 தொடருக்கு அந்தத் தேதி 2004 ஜனவரி 1. அதாவது நீங்கள் பார்க்கும் அணியில் எப்போதும் நாலைந்து பக்கங்கள் கலந்திருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இளைய பக்கத்திலிருந்து நிறையப் பேர் இருந்தால், இன்றைக்கு மூன்று கோல் வாங்கினாலும் கவலைப்பட வேண்டாம்.

பட்டியலை வாசிப்பது

ஐஸ்லாந்து கால்பந்துச் சங்கத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு வயதணியின் ஆட்டக்காரர் பட்டியலும் வரும். ஒவ்வொருவரும் எந்த வயதணிக்கு எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை கோல் போட்டார் என்பதும் இருக்கும். மொழி புரியாது, ஆனால் எண்ணும் பெயரும் கிளப்பும் போதும். மீதிக்கு ஃபோனிலேயே மொழிபெயர்ப்பு இருக்கிறது.

பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தகப்பன் பெயரோடு "சன்" சேர்த்தால் மகனின் இரண்டாம் பெயர். இனிஷியல் போடுகிற நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் அணியில் ஆடிய கில்ஃபி சிகுர்ட்சன் என்றால் சிகுர்டுரின் மகன் கில்ஃபி. அதே அணியில் ஆடிய ராக்னர் சிகுர்ட்சன் அவருக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை, இரண்டு பேரின் அப்பாக்களுக்கும் ஒரே பெயர், அவ்வளவே. 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கிய பெரியவர்கள் அணியின் பதினொரு பேரின் பெயரும் "சன்" என்றுதான் முடியும். அதனால் நோட்டில் முதல் பெயரை வைத்தே எழுதுங்கள். அங்கேயும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

விதிவிலக்காகக் குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களும் சிலர் உண்டு. குட்யோன்சன் குடும்பத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் இந்த நாட்டின் கால்பந்து எவ்வளவு சின்ன வட்டம் என்பது விளங்கிவிடும். 1996 ஏப்ரலில் தாலின் நகரில் எஸ்டோனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் அப்பா ஆர்னோர் வெளியே வர, அவருக்குப் பதிலாக 17 வயது மகன் எய்தூர் உள்ளே போனார். எய்தூரின் மகன்களும் பின்னால் நாட்டுக்காக ஆடினார்கள்.

அடுத்து கிளப் எழுதும் பத்தி. நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். ஐஸ்லாந்து ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்குள் இருப்பதால் 16 வயதிலேயே பையன்கள் வெளிநாட்டு கிளப்புக்குப் போகலாம். டென்மார்க், நெதர்லாந்து, நார்வே என்று போகிறார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வரை, அதாவது 2020 வரை, இங்கிலாந்துக்கும் அந்த வயதில் போக முடிந்தது. கில்ஃபியும் அந்த வயதில்தான் கோபாவோகுரில் இருக்கும் பிரெய்தாபிலிக் கிளப்பை விட்டு இங்கிலாந்தின் ரெடிங்குக்குப் போனார். பெரிய கிளப்பின் பெயரைப் பார்த்ததும் நட்சத்திரக் குறி போட்டுவிடாதீர்கள். பெரிய கிளப்பின் இளையோர் அணியில் பெஞ்சில் இருக்கும் 18 வயதுக்காரனைவிட, அக்ரானஸ் மாதிரி ஒரு மீன்பிடி ஊரின் கிளப்பில் வளர்ந்த ஆண்களோடு மோதி வாராவாரம் 90 நிமிடம் ஆடுகிறவனுக்குத்தான் என் நோட்டில் குறி. இதில் என் நண்பர்கள் பலருக்கு உடன்பாடில்லை. போகட்டும்.

பட்டியலில் இல்லாத பெயரையும் வாசிக்க வேண்டும். 2004 பக்கத்தில் முதல் பெயர் ஓரி ஓஸ்கார்சன். குரோட்டா என்ற சின்ன கிளப்பில் 13 வயதிலேயே பெரியவர்களோடு இறங்கியவர். அப்புறம் கோபன்ஹேகன், 2024இல் ஸ்பெயினின் ரியல் சொசியெடாட். வயதுப்படி 2027 தொடருக்கான இளையோர் அணியில் அவர் ஆடலாம். ஆனால் 2025இல் அவரைப் பெரியவர்கள் அணிக்கே கேப்டனாக்கிவிட்டார்கள். சின்ன நாட்டின் இளையோர் அணி அந்த வயதின் முழு பலத்தோடு இறங்குவது அபூர்வம். மிகச் சிறந்தவன் ஏற்கெனவே மேலே போயிருப்பான். அதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்கோரைப் பாருங்கள்.

ஆட்டம் பார்க்கும்போது

ஐஸ்லாந்தில் கடிகாரத்தைக் கோடைக்கும் குளிருக்கும் மாற்றுவதில்லை. இந்தியாவும் இலங்கையும் எப்போதும் ஐந்தரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 8.30. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் இணைய ஒளிபரப்பில் இளையோர் ஆட்டங்கள் சில வரும், இறுதித் தொடர்களை அங்கேதான் முதலில் தேடுவேன். 21 வயது அணிக்குத் தகுதிச் சுற்று உள்ளூரிலும் வெளியூரிலும் மாறி மாறி நடக்கும். 17, 19 வயது அணிகளுக்கு நான்கு அணிகள் ஒரே நாட்டில் கூடி ஏறத்தாழ ஒரு வாரத்தில் மூன்று ஆட்டங்களை முடித்துவிடும். அதனால் அந்த வாரத்தில் முதல் ஆட்டத்தைவிட மூன்றாவது ஆட்டத்தைப் பாருங்கள். கால் ஓய்ந்த பிறகு யார் நிற்கிறான் என்பது அதில் தெரியும்.

பந்து பெரும்பாலும் எதிரணியிடம்தான் இருக்கும். பந்தைத் துரத்திக்கொண்டே கண்ணை ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது. தடுப்பு வரிசைக்கும் நடு வரிசைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, கடைசி இருபது நிமிடத்தில் அது எவ்வளவு விரிகிறது என்று கவனியுங்கள். பந்தைப் பறிகொடுத்தவன் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, திரும்ப ஓடுகிறானா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் இரண்டுக்கும் வேறு வேறு குறி வைத்திருக்கிறேன்.

பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோ வரும்போது டீ எடுக்கப் போய்விடாதீர்கள். பெரியவர்கள் அணியில் ஆடிய ஆரோன் குன்னார்சன் சின்ன வயதில் ஹேண்ட்பாலும் ஆடியவர். அவர் கையிலிருந்து பந்து நேராக கோல் வாசலுக்கே வரும். 2016 ஜூன் 27 அன்று நீஸ் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் கோல் அப்படி வந்ததுதான். அவர் எறிந்தார், காரி ஆர்னாசன் தலையால் தட்டிவிட்டார், ராக்னர் உள்ளே தள்ளினார். கோல்பெயின் சிக்தோர்சன் இன்னொன்று போட, ஐஸ்லாந்து 2-1 என்று ஜெயித்தது.

ஒரு அணியில் ஆள் எடுத்தால் இன்னொரு அணி காலி

2010 அக்டோபரை நோட்டில் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். இளையோர் அணிக்கு ஸ்காட்லாந்தோடு இரண்டு பிளே-ஆஃப் ஆட்டங்கள். அதே வாரத்தில் பெரியவர்கள் அணிக்குப் போர்ச்சுகலோடு தகுதி ஆட்டம். இரண்டு அணிக்கும் வேண்டியது அதே பையன்கள். வழக்கமாக எந்த நாட்டிலும் பெரியவர்கள் அணிக்குத்தான் முன்னுரிமை. அந்த முறை முக்கியமான பையன்களை இளையோர் அணியிலேயே விட்டுவைத்தார்கள். பெரியவர்கள் போர்ச்சுகலிடம் 1-3 என்று தோற்றார்கள். இளையோர் ஸ்காட்லாந்தை இரண்டு ஆட்டத்திலும் 2-1 என்று வென்று 2011 இறுதித் தொடருக்குப் போனார்கள். எடின்பரோவில் அந்த இரண்டு கோலும் கில்ஃபியுடையவை. அதற்கு முன்பே ஆகஸ்டில் ஹாஃப்னார்ஃபியோர்துர் ஊரில் ஜெர்மனி இளையோரை 4-1 என்று அடித்திருந்தார்கள்.

டென்மார்க்கில் நடந்த அந்தத் தொடரை ஸ்கோரை மட்டும் வைத்துப் படித்தால் இப்படித்தான் தெரியும்: பெலாரஸிடம் 0-2, சுவிட்சர்லாந்திடம் 0-2, டென்மார்க்கை 3-1, வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் ஐஸ்லாந்து, பெலாரஸ், டென்மார்க் மூன்றுக்கும் 3 புள்ளிகள். தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் கோல் கணக்கில் பெலாரஸ் அரையிறுதிக்குப் போனது. டென்மார்க்குக்கு எதிராக இன்னும் ஒரு கோல் போட்டிருந்தால் அந்த இடம் ஐஸ்லாந்துக்கு.

இப்போது 2016 ஐரோப்பியக் கோப்பையில் போர்ச்சுகலோடு 1-1 என்று டிரா செய்த பெரியவர்கள் அணியை எடுத்து, 1988 முதல் 1990 வரையிலான பக்கங்களோடு ஒப்பிடுங்கள். ஆரோன், கில்ஃபி, யோஹான் பெர்க், பிர்கிர், கோல்பெயின் ஐந்து பேரும் 2011 இளையோர் அணியில் இருந்தவர்கள். அன்று கோல் போட்டது பிர்கிர்.

இந்தத் தலைமுறை திடீரென்று எப்படி வந்தது என்று கேட்பார்கள். கேப்லாவிக்கில் 2000இல் முழு அளவு உள்ளரங்க மைதானம் வந்தது. கில்ஃபியின் கிளப் இருக்கும் கோபாவோகுரில் 2002இல் ஃபீஃபன் அரங்கம். அதுவரை குளிர்காலத்தில் சரளைத் தரையிலும் பள்ளி ஜிம்மிலும் ஓடியவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் ஆண்டு முழுக்கப் புல்தரை கிடைத்தது, செயற்கைப் புல்தான் என்றாலும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட உரிமம் பெற்ற, சம்பளம் வாங்குகிற பயிற்சியாளர்கள். கோடையில் நேரில் போக வாய்ப்பிருந்தால் ரெய்க்யாவிக்கோடு நிற்காதீர்கள். ஜூனில் வெஸ்ட்மன் தீவுகளில் 9, 10 வயதுப் பையன்களுக்கும், ஜூலையில் அக்குரேரியில் 11, 12 வயதுப் பையன்களுக்கும் பெரிய போட்டிகள் நடக்கும். குடை எடுத்துப் போவது வீண், அங்கே மழை பக்கவாட்டில் வரும்.

2021இல் மறுபடி இறுதித் தொடர். ரஷ்யா, டென்மார்க், பிரான்ஸ் மூன்றிடமும் தோல்வி, போட்டது ஒரே கோல். தகுதி பெறவைத்த பயிற்சியாளர் ஆர்னார் விதார்சன் அதற்குள் பெரியவர்கள் அணிக்குப் போய்விட்டிருந்தார். ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, பயிற்சியாளர்களும் மேலே போவார்கள். நோட்டில் அவர்களுக்கும் ஒரு பக்கம் வையுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். ஒவ்வொரு ஆண்டுப் பக்கத்தின் அடியிலும் சில வரிகள் காலியாக விடுங்கள். வயது முடிந்ததும் பக்கத்தை மூடிவிடுகிறவர்கள் கோல்கீப்பர்களைத் தவறவிடுவார்கள். ஹன்னஸ் ஹால்டோர்சன் 1984இல் பிறந்தவர். 2011இல் அந்தப் பையன்கள் டென்மார்க்கில் ஆடியபோது அவருக்கு 27 வயது, பெரியவர்கள் அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை, பிழைப்புக்கு விளம்பரப் படங்களும் இசைக் காணொளிகளும் இயக்கிக்கொண்டிருந்தார். அந்த செப்டம்பரில் சைப்ரஸுக்கு எதிராக முதல் முறை இறங்கினார். 2018 உலகக் கோப்பையில் மாஸ்கோவில் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்தவர் அவர்தான்.