மரபணு அறிக்கையில் கைனேஸ் வரியைப் படிப்பது எப்படி?

புற்றுநோய்க் கட்டிகளின் மரபணு அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் நேராக மருந்துப் பெயரைத்தான் தேடுகிறார்கள். அங்கே கடைசியில் போங்கள்.

கைனேஸ் என்பது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தில் ஒட்டும் நொதி. ஒட்டியதும் அந்தப் புரதத்தின் போக்கே மாறும். செல் பெருகுவதா வேண்டாமா என்பதுகூட இப்படித்தான் முடிவாகிறது. நம் உடலில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன.

முதலில் மாற்றத்தின் பெயரைப் பிரித்துப் படியுங்கள். 'பிராஃப் வி600ஈ' என்று இருக்கிறதா? பிராஃப் என்பது மரபணு. அது உருவாக்கும் புரதத்தின் 600ஆவது இடத்தில் வேலின் (வி) என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே குளுடாமிக் அமிலம் (ஈ) என்ற வேறோர் அமினோ அமிலம் வந்துவிட்டது. வேலினுக்கு மின்னூட்டம் இல்லை, குளுடாமிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. பாஸ்பேட்டுக்கும் அதேதான். அதனால் பாஸ்பேட் ஒட்டாமலே, ஒட்டியது போன்ற வடிவத்துக்கு அந்தக் கைனேஸ் மாறிவிடுகிறது. யாரும் கட்டளையிடாமலே ஓயாமல் வேலை செய்கிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறியதில் இவ்வளவு நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அடுத்து, மாதிரி எந்த உறுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோயில் வி600ஈ இருந்தால், பிராஃபை அடக்கும், 2011இல் வந்த வெமுராஃபெனிப் கட்டியை நன்றாகச் சுருக்கும். அதே மாற்றம் பெருங்குடல் புற்றுநோயில் இருந்தால் அந்த மருந்து தனியாக அவ்வளவாகப் பலிப்பதில்லை. பிராஃபை அடக்கியதும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற இன்னொரு கைனேஸ் தலைதூக்கி, அடைத்த பாதையை மறுபடி திறந்துவிடுகிறது. அதனால்தான் அங்கே பிராஃபை அடக்கும் என்கோராஃபெனிப்புடன், ஈ.ஜி.எஃப்.ஆரைத் தடுக்கும் செட்டுக்சிமாபையும் சேர்த்துத் தருகிறார்கள். வேறொருவருக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்கும் என்று மாற்றத்தின் பெயரை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

மாற்றம் கைனேஸை முடுக்குகிறதா, முடக்குகிறதா என்பதையும் கேளுங்கள். பி.டி.கே. என்ற கைனேஸ் நல்ல எடுத்துக்காட்டு. பிறவியிலேயே அது பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு எதிர்ப்புப் புரதங்கள் போதிய அளவு உருவாகாது. அந்தப் புரதங்களையே, அதாவது இம்யூனோகுளோபுலினை, வெளியிலிருந்து செலுத்த வேண்டும். நாள்பட்ட லிம்போசைட்டிக் இரத்தப் புற்றுநோயிலோ அதே பி.டி.கே.யை இப்ருட்டினிப் கொண்டு அடக்குகிறோம்.

'முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்' என்று குறித்திருந்தால், அதை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். அதற்காகக் கலங்கவும் வேண்டாம்.

'கண்டறியப்படவில்லை' என்ற வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மாதிரியில் புற்றுச் செல்கள் குறைவாக இருந்தாலும் அப்படி வரலாம். ஏ.எல்.கே. போன்ற கைனேஸ் மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் இணைவுகளைச் சில பரிசோதனைகள் தேடுவதே இல்லை. எவற்றைத் தேடினார்கள் என்ற பட்டியல் அறிக்கையிலேயே இருக்கும்.

சிகிச்சை பலன் தந்து, பிறகு நோய் மீண்டும் வளர்ந்தால் பழைய அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள். நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். எல்858ஆர் இருப்பவர்களுக்கு ஜெஃபிட்டினிப் கேட்கும். நாளடைவில் டி790எம் என்ற இரண்டாவது மாற்றம் முளைத்து மருந்தைச் செயலிழக்கச் செய்யலாம். டி790எம் இருந்தாலும் வேலை செய்யும்படி உருவாக்கப்பட்டதுதான் ஓசிமெர்ட்டினிப். நாள்பட்ட மைலாய்ட் இரத்தப் புற்றுநோயில் இமாட்டினிப்புக்கும் இதே கதை. அங்கே 'டி315ஐ' என்ற மாற்றம் வந்தால் பொனாட்டினிப் போன்ற வேறு மருந்து வேண்டும். ஆகவே புதிதாகத் திசுவோ இரத்தமோ எடுத்துப் பரிசோதிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது பழைய அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புதியதில் எந்த வரி கூடியிருக்கிறது என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.