சீறும் பூனைக்குத் திமிர் இல்லை, பயம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலையில் மீன் வெட்டும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் போனால், பூனைகளைப் பார்க்காமல் வர முடியாது. குடலும் செதிலும் விழும் இடத்தில் ஒரு பூனை முதுகை வளைத்து, முடி சிலிர்த்து, காதைப் பின்னுக்கு மடக்கி இன்னொன்றைப் பார்த்துச் சீறும். கொஞ்சம் தள்ளி, வலைக்குவியல் ஓரமாக வேறொரு பூனை வயிறு தரையில் உரச, சத்தமே இல்லாமல் எலியை நோக்கி நகரும். இரண்டையும் 'மூர்க்கம்' என்று ஒரே சொல்லில் அடைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்றொரு சிறிய பகுதி இருக்கிறது. பூனைக்கு அதன் நடுப்பக்கத்தை மின்சாரத்தால் தூண்டினால் சீறி, உறுமி, நகத்தை நீட்டும். ஓரப்பக்கத்தைத் தூண்டினால் சீறலே கிடையாது. அமைதியாகப் போய் எலியின் கழுத்தைக் கவ்வும். முன்னது தற்காப்பு, பின்னது வேட்டை. மூளையில் மெல்லிய மின்கம்பி வைத்து, விழித்திருக்கும் பூனைகளில் இந்த ஆய்வுகளுக்கு வழிதிறந்த சுவிட்சர்லாந்து விஞ்ஞானி வால்டர் ஹெஸ்ஸுக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமிக்டலாதான் 'கோப மையம்' என்று எழுதுவதும் தவறு. பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அந்தப் பகுதி, எதிரே இருப்பது ஆபத்தா என்று எடைபோட்டு ஹைபோதலாமஸுக்குச் சொல்கிறது. அங்கிருந்து நடுமூளைக்குச் செய்தி போன பிறகுதான் முதுகு வளைகிறது, சீறல் வருகிறது. மேலிருந்து பெருமூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, கடிவாளம் பிடிக்கிறது. அந்தப் புறணியை நீக்கிய பூனைகள் லேசாகத் தொட்டாலே வெறிகொண்டு சீறின என்று அமெரிக்க விஞ்ஞானி பிலிப் பார்ட் 1928இல் காட்டினார். ஹைபோதலாமஸின் பின்பகுதியும் போனபோது அந்த ஒழுங்கான சீறல் இல்லாமல் போனது.

சரி, அப்படியானால் ஹைபோதலாமஸ்தான் கோபத்தின் சுவிட்சா? அதுவும் இல்லை. 2011இல் ஆண் எலிகளின் ஹைபோதலாமஸில் ஒரு துளி இடத்தை ஒளியால் தூண்டியபோது, அவை காற்று அடைத்த கையுறையைக்கூடத் தாக்கின. ஆனால் அதே இடத்தில் இனச்சேர்க்கையின்போது வேலை செய்யும் நரம்புச் செல்களும் கலந்தே இருக்கின்றன. இதைப் படித்த நாளிலிருந்து 'சுவிட்ச்' என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன்.

தெருவில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிகம் வலிக்கின்றன. சீறும் பூனையை "அதுக்குத் திமிரு" என்று சொல்லி மூலையில் மடக்குகிறோம். அது பயந்திருக்கிறது, தப்பிக்க வழி விட்டால் ஓடிவிடும். உறுமும் நாயை அடித்து உறுமலை நிறுத்துகிறோம். பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். கருத்தடை செய்தால் ஆண் விலங்குகளுக்குள் சண்டை குறையலாம். பயத்தால் கடிப்பது அதனால் நிற்காது.

சண்டை ஓய்ந்ததும் உடனே தூக்கவும் கூடாது. உடம்பில் ஏறிய படபடப்பு இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்: வெறிநோய். அந்த வைரஸ் நரம்பு வழியே மூளைக்கே போய்விடுவதால், சாதுவான விலங்கும் திடீரென்று கடிக்கும். நாயோ பூனையோ, கடித்தாலும் பிறாண்டினாலும், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.