திருட்டுப் பிரிவை வைத்துக் குற்றவியல் சட்டத்தை வாசிக்கப் பழகுதல்

குற்றவியல் சட்டத்தின் கோட்பாடுகளைத் தனித்தனித் தலைப்புகளாக மனப்பாடம் செய்த மாணவர்கள் பலர், ஒரு முதல் தகவல் அறிக்கையைக் கையில் கொடுத்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து நிற்பதுண்டு. அந்தக் கோட்பாடுகள் எல்லாம் ஒவ்வொரு குற்றப் பிரிவின் சொற்களுக்குள்ளேயே இருக்கின்றன என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டித் தராததே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். எனவே, இந்தியாவின் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவான திருட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எந்த வரிசையில் எப்படி வாசிப்பது என்று இங்கே விளக்குகிறேன். சட்டப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

பிரிவைப் படிப்பதற்கு முன் சம்பவம் நடந்த தேதியைப் பாருங்கள். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1 அன்று. அதற்கு முந்தைய நாள் நடந்த திருட்டுக்குப் பழைய சட்டத்தின் 379-ஆம் பிரிவுதான் பொருந்தும். வழக்கு எத்தனை ஆண்டுகள் கழித்து விசாரணைக்கு வந்தாலும் இது மாறாது. செயல் நடந்த காலத்தில் நடைமுறையில் இருந்த சட்டத்தை மீறியதற்காக அன்றி வேறெதற்காகவும் ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது, அன்று இருந்ததை விடக் கூடுதலான தண்டனையையும் விதிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20(1)-ஆம் உறுப்பு கட்டளையிடுகிறது. பறிப்பு என்பதைத் தனிக் குற்றமாக்கும் 304-ஆம் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே 2024 மே மாதத்தில் நடந்த சங்கிலிப் பறிப்புக்கு அந்தப் பிரிவைப் போட முடியாது. சட்டம் முன்கூட்டியே அறிவித்துத் தடுத்ததை மட்டுமே தண்டிக்கலாம் என்ற இந்த விதிதான் குற்றவியல் சட்டத்தின் அடித்தளம்.

அடுத்து, பிரிவின் முதல் உட்பிரிவை ஒரு தாளில் எழுதி, அதன் கூறுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். திருட்டில் ஐந்து கூறுகள் உள்ளன: நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும், பொருள் அசையும் பொருளாக இருக்க வேண்டும், அது வேறொருவரின் உடைமையில் இருக்க வேண்டும், அவருடைய சம்மதம் இல்லாமல் எடுக்க வேண்டும், எடுப்பதற்காக அப்பொருளை நகர்த்தியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது திருட்டாகாது. நம்பிக்கை மோசடி, கையாடல், ஏமாற்று போன்ற வேறு குற்றமாக இருக்கலாம், அல்லது குற்றமே இல்லாமலும் போகலாம்.

இந்தக் கூறுகளின் எல்லையை அறிய, பிரிவைத் தொடர்ந்து வரும் விளக்கங்களையும் எடுத்துக்காட்டுகளையும் தவறாமல் படிக்க வேண்டும். அவசரத்தில் பலர் தாண்டிச் செல்வது அவற்றைத்தான். பக்கத்து வீட்டுத் தென்னையில் தொங்கும் தேங்காய், நிலத்தோடு ஒட்டி நிற்கும் வரையில் அசையும் பொருள் அன்று. ஆனால் குலையிலிருந்து அறுத்த கணத்திலேயே அது அசையும் பொருளாகிவிடுகிறது, அறுக்கும் செயலும் நகர்த்தும் செயலும் ஒன்றாகவே இருந்தாலும் திருட்டு நிறைவேறிவிடும் என்று விளக்கங்கள் கூறுகின்றன. அதே போல, சட்டம் கேட்பது பொருள் யாருடைய உடைமையில் இருந்தது என்பதையே. உரிமையாளர் யார் என்பதை அன்று. தன் கடிகாரத்தை அடகு வைத்தவர், வாங்கிய கடனைத் திருப்பித் தராமல், அடகு பிடித்தவரின் சம்மதமின்றி நேர்மையற்ற எண்ணத்துடன் அதை எடுத்துச் சென்றால், தன் சொந்தப் பொருளையே திருடியவராகிறார்.

நிரந்தரமாக எடுத்துச் செல்லும் எண்ணம் தேவையா என்பது அடுத்து எழும் கேள்வி. ராஜஸ்தானில் அல்வரைச் சேர்ந்த ஓர் அலுவலகக் கண்காணிப்பாளர், அரசுக் கோப்பு ஒன்றைத் தலைமைச் செயலகத்திலிருந்து வரவழைத்து நண்பரிடம் கொடுத்துவிட்டு, பின்னர் அதைத் திருப்பி வைத்துவிட்ட வழக்கில், தற்காலிகமாக எடுத்ததும் திருட்டே என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபுறம், நண்பர் இல்லாத நேரத்தில் அவருடைய நூலகத்திலிருந்து படித்துவிட்டுத் திருப்பித் தரும் எண்ணத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தவர், நண்பருக்கு உள்ளூரச் சம்மதம் இருக்கும் என்று நம்பியிருந்தால், அது திருட்டன்று என்று பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று கூறுகிறது. இரண்டிலும் புறச்செயல் ஏறத்தாழ ஒன்றுதான். எடுத்தவரின் மனநிலைதான் வேறு.

ஆகவே மனநிலையைக் குறிக்கும் சொல்லைப் பிரிவில் தேடி அடிக்கோடிடுங்கள். இங்கே அது ‘நேர்மையற்ற’ என்பது. அதன் பொருளை 2-ஆம் பிரிவில் தேட வேண்டும்: ஒருவருக்கு முறையற்ற ஆதாயத்தையோ மற்றொருவருக்கு முறையற்ற இழப்பையோ உண்டாக்கும் எண்ணம். பேருந்தில் தன் பை என்று நினைத்து இன்னொருவரின் கறுப்புப் பையை எடுத்து இறங்கியவரிடம் அந்த எண்ணம் இல்லை.

பிரிவில் அப்படி ஒரு சொல்லே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதில் உச்ச நீதிமன்றமே பிளவுபட்டிருக்கிறது. 1962 நவம்பரில் சூரிச்சிலிருந்து மணிலாவுக்குப் போகும் வழியில் பம்பாயில் விமானம் நின்றபோது, 34 கிலோ தங்கத்துடன் பிடிபட்ட பயணி, தங்கம் கொண்டுவருவதைக் கட்டுப்படுத்திச் சில நாட்களுக்கு முன்புதான் வெளியான ரிசர்வ் வங்கியின் அறிவிக்கையைத் தான் அறியவில்லை என்று வாதிட்டார். அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நோக்கத்தைக் கருதி, குற்ற மனம், அதாவது தவறு என்று அறிந்தே செய்யும் மனநிலை, தேவையில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நீதிபதி சுப்பா ராவ் அதை ஏற்கவில்லை. பின்னர் நாதுலால் வழக்கில், உரிமத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டிவிட்டு, அது கிடைத்துவிடும் என்று நம்பித் தானியத்தைச் சேமித்து வைத்த வணிகரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சுப்பா ராவ் சொன்ன பக்கமே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது: சட்டமன்றம் தெளிவாக விலக்காத வரையில், குற்ற மனம் வேண்டும் என்றே ஒரு பிரிவைப் படிக்கத் தொடங்க வேண்டும்.

கூறுகள் எல்லாம் பொருந்தினாலும் வாசிப்பு அங்கே முடிவதில்லை. 14 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ள பொது விதிவிலக்குகளை ஒவ்வொரு குற்றப் பிரிவோடும் சேர்த்தே படிக்க வேண்டும். 7 வயதுக்குக் குறைந்த குழந்தையின் செயல் எதுவும் குற்றமாகாது. 7 முதல் 12 வயது வரை, செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். மனநலக் குறைபாடு, தற்காப்பு, அற்பமான தீங்கு ஆகியவையும் இந்த அத்தியாயத்தில்தான் வருகின்றன.

பிறகு ஒவ்வொரு கூறுக்கும் எதிரே, அதை நிரூபிக்க என்ன சாட்சியம் உள்ளது என்று எழுதுங்கள். ஐந்தையும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது அரசு தரப்பின் கடமை. குற்றஞ்சாட்டப்பட்டவர் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விதிவிலக்கைக் கோரினால் மட்டும் நிரூபிக்கும் பொறுப்பு அவர் மீது விழும். அப்போதும் அது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். திருட்டு நடந்த சற்று நேரத்துக்குள் பொருள் ஒருவரிடம் பிடிபட்டு, அவர் அதற்குக் கணக்குச் சொல்லாவிட்டால், அவரைத் திருடியவராகவோ திருட்டுப் பொருளை அறிந்தே வாங்கியவராகவோ நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆனால் அனுமானித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

தண்டனையைக் கூறும் இரண்டாவது உட்பிரிவில்தான் சட்டத்தின் நோக்கங்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன. முதல் முறை குற்றவாளி என்று தீர்க்கப்பட்டால் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 1 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டுகள் வரை கடுங்காவல், அபராதமும் உண்டு. திரும்பச் செய்பவரை அச்சுறுத்தித் தடுக்கும் நோக்கம் இங்கே தெரிகிறது. அதை ஒட்டி வரும் காப்புரையோ (பொது விதிக்கு விலக்குத் தரும் வாசகம்) வேறு திசையில் செல்கிறது: பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாகவும், குற்றத் தீர்ப்பு முதல் முறையாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். பறிகொடுத்தவருக்கு ஈடு கிடைக்கிறது. தவறியவர் சிறைக்குப் போகாமல் ஊதியமின்றி ஊருக்கு உழைத்துத் திருந்த வாய்ப்புப் பெறுகிறார். இந்த ஏற்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இன்று சாதாரணக் கைபேசியின் விலையே 5,000 ரூபாயைத் தாண்டிவிடுவதால், அந்த வரம்பு மிகக் குறுகலானது என்றும் சொல்ல வேண்டும்.

காப்புரைக்குள் வராதவர்களுக்கு, 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன் தண்டனை இல்லாதவரைத் திருட்டு வழக்கில் எச்சரித்து விடுவிக்கவும், நன்னடத்தைப் பிணையில் அனுப்பவும் அது நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. குற்றவாளி 21 வயதுக்கு உட்பட்டவர் என்றால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்றுப் பரிசீலிக்காமல் அவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் அதற்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.