புது வேலையில் சேர்ந்த பிறகும் வாராந்தர ரசனைப் பகிர்வை விடாமல் தொடர்வது எப்படி?

பார்த்த படம், கேட்ட பாட்டு, படித்த தொடர் என்று அந்த வாரம் மனத்தில் தங்கியதை வார இறுதியில் நண்பர்களுக்கு எழுதி அனுப்பும் வழக்கம் பலருக்குக் கல்லூரி நாள்களிலேயே தொடங்கிவிடுகிறது. புது வேலை கிடைத்த முதல் மாதத்திலேயே அது நின்றும் போகிறது. நேரம் இல்லை என்பதையே எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். நான் அதை முழுதாக ஏற்பதில்லை. எவ்வளவு களைத்து வந்தாலும் இரவுச் சாப்பாட்டோடு எதையாவது பார்க்கத்தான் செய்கிறோம். அதைப் பற்றி எழுத உட்காரும்போதுதான், ஓய்வு மிகுந்திருந்த காலத்தில் எழுதிய அதே நீளத்துக்கு, அதே ஏழெட்டுத் தலைப்புகளோடு எழுதியாக வேண்டும் என்ற எண்ணம் குறுக்கே வந்து நிற்கிறது. ஆகவே, முதலில் குறைக்க வேண்டியது அளவைத்தான்.

தகுதிகாண் பருவம் முடியும்வரை வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் நிறுவனங்களில் அந்தப் பருவம் பெரும்பாலும் மூன்று மாதமாகவோ ஆறு மாதமாகவோ இருக்கும். அரசுப் பணியில் இரண்டாண்டுகள்வரை நீளும். அத்தனை காலத்துக்கும் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு எதுவோ அதுவே சரியான அளவு. ஒரு படத்தை முழுதாகப் பார்க்க முடியாத வாரத்தில் அதன் ஒரு காட்சி போதும், ஓர் இசைத்தொகுப்பைக் கேட்டு முடிக்க முடியாதபோது அதில் ஒரு பாட்டு போதும்.

அடுத்து நாளும் நேரமும். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையிலும், பண்டிகைக் காலமாக இருந்தால் அதற்கேற்ற நாளிலும் திரைக்கு வருகின்றன. திரையரங்கில் வந்து ஏறத்தாழ நான்கு வாரம் கழித்து ஓடிடி தளங்களுக்கு வரும் படங்களும் பல நேரங்களில் அதே வெள்ளிக்கிழமையைத்தான் பிடித்துக்கொள்கின்றன. அன்றிரவு ஊரே விமர்சகராகிவிடும் என்பதால், அந்தச் சந்தடியில் நீங்கள் எழுதுவது எடுபடாது. ஞாயிற்றுக்கிழமை முற்பகலை நான் பரிந்துரைப்பேன். இரண்டு நாள் ஆறப்போட்டு எழுதும்போது, முதல் நாள் கைதட்டலில் நல்லதாகத் தோன்றியது எது, உண்மையிலேயே நல்லது எது என்பதும் பிரிந்து தெரிகிறது. சுழற்சி முறையில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் வார விடுப்பு நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எந்த நாள் என்பதைக் காட்டிலும் அது மாறாமல் இருப்பதுதான் முக்கியம். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை மாலை வந்த ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சிக்கு ஒரு தலைமுறையே காத்திருந்ததற்குப் பாட்டுகள் மட்டுமே காரணமல்ல. அந்த நாளும் நேரமும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எழுதுவதற்கான சரக்கை வார நாள்களிலேயே சேர்த்துவைக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலிலோ, பழைய மகாபலிபுரம் சாலையில் ஊர்ந்து செல்லும் நிறுவனப் பேருந்திலோ கைப்பேசியின் குறிப்பேட்டைத் திறந்து ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியில் ஒரு பொருளோ, ஓர் ஓசையோ, ஓர் அசைவோ இருக்க வேண்டும். “செம”, “வேற லெவல்” என்று எழுதிவைத்தால் ஞாயிற்றுக்கிழமை அதைப் படிக்கும் உங்களுக்கே எது செம என்று நினைவிருக்காது. “இரண்டாம் சரணத்துக்கு முந்தைய இடையிசையில் தாளம் நின்று புல்லாங்குழல் மட்டும் தனியே வருகிறது” என்று எழுதிவைத்தால், அந்த ஒரு வரியிலிருந்தே முழுக் குறிப்பும் கிளம்பி வந்துவிடும்.

குறிப்பு என்னும்போது மூன்று, நான்கு வாக்கியங்களைத்தான் சொல்கிறேன். எடுத்துக்காட்டாக ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்: “இந்த வாரம் ‘16 வயதினிலே’ படத்தை மறுபடியும் பார்த்தேன். 1977இல், அரங்குகளுக்குள்ளேயே கிராமத்தைக் கட்டிக் காட்டிக்கொண்டிருந்த வழக்கத்தை விட்டு, பாரதிராஜா தம் முதல் படத்திலேயே நேராகக் கிராமத்துக்குப் போனார். நிவாஸின் ஒளிப்பதிவில் அந்த வெயில் இன்னும் மங்கவில்லை. இந்தப் படத்தின் ‘செந்தூரப்பூவே’ பாட்டுக்காகத்தான் எஸ். ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது என்பதை நினைத்துக்கொண்டு, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.” இதில் கதைச் சுருக்கம் இல்லை, நடிகர் பட்டியல் இல்லை. எதைப் பார்த்தேன், அதில் எது என்னைப் பிடித்து நிறுத்தியது, படிப்பவர் இப்போது என்ன செய்யலாம் என்ற மூன்றும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். படத்தை எங்கே பார்க்கலாம், எத்தனை மணி நேரம் ஓடும், பாட்டு என்றால் எந்த நிமிடத்திலிருந்து கேட்கலாம் என்பதைச் சேர்த்துச் சொன்னால், வேலைக்குப் போகும் மற்ற நண்பர்களும் உங்கள் பேச்சைக் கேட்டு உண்மையிலேயே பார்ப்பார்கள்.

மதிப்பெண் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்குக் கொடுத்த 62.5 மதிப்பெண்ணைத் தமிழ் ரசிகர்கள் இன்றும் மேற்கோள் காட்டிப் பேசுகிறார்கள் என்பது உண்மைதான். ஒரு வார இதழுக்கு அது அழகு. நண்பர்கள் குழுவில் எண்ணைப் போட்டால் பேச்சு படத்தை விட்டு எண்ணுக்குத் தாவி, “அதற்கு 60 கொடுத்த நீ இதற்கு எப்படி 55 கொடுக்கலாம்” என்ற வழக்காடலில் போய் முடியும். வாரம் முழுக்க இலக்குகளுக்கும் எண்களுக்கும் நடுவே உழன்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதே கணக்கா?

கதையைப் போட்டுடைப்பது குறித்தும் ஒரு வார்த்தை. புதுப்படமாக இருந்தால் இடைவேளைக்குப் பிறகு நடப்பது எதையும் எழுதாமலிருப்பது பாதுகாப்பான எல்லை. எழுதியே ஆக வேண்டும் என்றால் முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள். டெலிகிராமில் எழுத்தை மூடிவைத்து, தொட்டால் மட்டும் தெரியும்படி செய்யும் வசதி உண்டு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், இரவுப் பணி முடித்துத் தூங்கும் நண்பர் அதைப் பார்க்காமலே போகக்கூடும். குழுவுக்கோ தனியாகவோ அனுப்புவதே நல்லது.

இதுவரை சொன்னது பழைய நட்பு வட்டத்துக்கு. புது அலுவலகத்தில் இதே ஆர்வத்தை எப்படிக் கொண்டுபோவது என்பது வேறு சங்கதி, சற்று நிதானம் தேவைப்படுவதும் அதுதான். முதல் சில வாரங்கள் மதிய உணவு மேசையில் காது கொடுத்துக் கேளுங்கள். யார் மலையாளப் படங்களைத் தேடிப் பார்க்கிறார், யார் கொரியத் தொடரில் மூழ்கியிருக்கிறார், யார் இளையராஜாவைத் தவிர வேறெதையும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார் என்பதெல்லாம் தானாகத் தெரியவரும். அதன் பிறகும் உங்கள் பரிந்துரையோடு தொடங்க வேண்டாம். அவர்கள் சொன்ன ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதிலிருந்து தொடங்குங்கள். “மேடம், போன வாரம் நீங்க சொன்ன படத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அந்தப் பாட்டி கதவைச் சாத்திட்டு ஒண்ணும் பேசாம உட்காருற இடம் இருக்கே, அதை ரெண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன்” என்று ஒரு மூத்த சக ஊழியரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார். “அது போல வேற என்ன பார்த்திருக்கே?” என்று அவர் கேட்கும் இடத்தில்தான் உங்கள் முறை வருகிறது.

பெங்களூரு போன்ற ஊர்களில் ஒரே மேசையில் நான்கைந்து தாய்மொழிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பாட்டு எளிதாக எல்லை தாண்டும், நகைச்சுவை தாண்டாது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் வடிவேலுவின் ஏதோ ஒரு முகபாவம் இல்லாமல் ஒரு நாள் கழிவதில்லை. ஆனால் அந்த வசனத்தைத் தெலுங்குக்காரருக்கு மொழிபெயர்த்து, பிறகு அது ஏன் சிரிப்பு என்று விளக்கி முடிப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும். அவர் தம் மொழியில் ரசித்துச் சிரித்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அதைவிடச் சுவையான பேச்சாக அமையும்.

நட்சத்திரச் சண்டையில் இறங்காதீர்கள். உங்கள் மேலாளர் எந்த நடிகரின் முதல் நாள் முதல் காட்சிக்கு மாலை வாங்கிப்போனவர் என்பது உங்களுக்குத் தெரியாது. சாதி, அரசியல் ஆகியவற்றை நேரடியாகப் பேசும் படங்களைப் பற்றிப் பழைய நண்பர்களிடம் மனம்விட்டு எழுதுங்கள். அலுவலகத்தில் ஆள்களை அறிந்துகொள்ளும்வரை பொறுங்கள். இதை நான் கோழைத்தனமாகக் கருதவில்லை. அந்தப் படங்களுக்கு உரிய பேச்சு, அரைமணி நேர உணவு இடைவேளைக்குள் அடங்காது.

இடமறிந்து பகிர்வதும் அவசியம். அலுவல் தொடர்பான குழுக்களில், அது டீம்ஸ் ஆனாலும் வாட்ஸ்அப் ஆனாலும், முன்னோட்டக் காட்சிகளையும் மீம்களையும் போட வேண்டாம். பல நிறுவனங்களில் பொழுதுபோக்குக்கென்றே தனிக் குழு இருக்கும், அதில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம். நிறுவனம் கொடுத்த மடிக்கணினியில் உங்கள் குறிப்புகளைச் சேமிக்காதீர்கள். அதில் நடப்பதைக் கண்காணிக்கும் உரிமையைப் பெரும்பாலான நிறுவனங்கள் பணி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகின்றன. நீங்கள் சேர்ந்திருப்பது டப்பிங், வரைகலை, வசனமொழிபெயர்ப்பு போன்ற பணிகளைச் செய்யும் நிறுவனம் என்றால், அங்கே கண்ணில்படும் வெளிவராத படத்தைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. “பெயரைச் சொல்லவில்லையே” என்பது அங்கே எடுபடாது.

திரையரங்கில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நாயகன் அறிமுகக் காட்சியைப் படமெடுத்து அனுப்பும் வழக்கத்தையும் இந்தச் சமயத்தில் கைவிட்டுவிடலாம். திரைப்படச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தத்தின்படி, அனுமதியின்றித் திரையைப் பதிவுசெய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டுவரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க வழியுண்டு. நுழைவுச்சீட்டைப் படமெடுத்துப் போட்டாலே நீங்கள் போய்வந்தது ஊருக்குத் தெரிந்துவிடும்.

அந்த நுழைவுச்சீட்டிலும் ஒரு வம்பு இருக்கிறது. சிறப்புக் காட்சிக்கு அனுமதி கிடைத்தாலும் தமிழ்நாட்டில் இப்போது முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. ஆகவே படம் முடித்து நேரத்தோடு அலுவலகம் போய்ச் சேருவது நடக்காத காரியம். அரைநாள் விடுப்புக் கேட்பதானால் சொந்த வேலை என்று கேளுங்கள், காய்ச்சல் என்று கேட்காதீர்கள். காய்ச்சல்காரர் திரையரங்க வாசலில் நின்று எடுத்த படம், மதியத்துக்குள் அலுவலகக் குழுவை எப்படியாவது எட்டிவிடும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு டிசம்பரும் ஜனவரியும் சரக்குக்குப் பஞ்சமில்லாத மாதங்கள். மார்கழிக் கச்சேரிகள், டிசம்பரில் சென்னைச் சர்வதேசத் திரைப்பட விழா, அதையொட்டிப் புத்தகக் காட்சி, பொங்கல் படங்கள் என்று அடுத்தடுத்து வரும். எல்லாவற்றுக்கும் போக ஆசைப்பட்டால் வேலையும் கெடும், ரசனையும் கெடும். பல சபாக்களில் இளம் கலைஞர்களின் பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது; சனிக்கிழமை பிற்பகலில் ஒன்றைக் கேட்டுவிட்டு, சபா கேண்டீனில் ஒரு காப்பியும் குடித்துவிட்டு வந்தால் அந்த வாரக் குறிப்புக்கு அதுவே போதும்.

மாதக் கடைசி அறிக்கை, பயிற்சித் தேர்வு, புதுவீடு மாறுவது என்று தலைக்குமேல் வேலை இருக்கும் வாரங்களில் “இந்த வாரம் ஒன்றும் பார்க்கவில்லை, நீங்கள் சொல்லுங்கள்” என்று ஒரு வரி அனுப்புங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அடுத்த வாரம் இரட்டிப்பாக எழுதுவேன் என்ற வாக்குறுதியும் வேண்டாம். அந்த ஒரு வரிக்குப் பதிலாக நண்பர்கள் அனுப்புவதில் ஏதாவது ஒன்றை எடுத்துவைத்து, பார்த்து முடித்ததும் அனுப்பியவருக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். குழுவில் எல்லோருக்கும் போடும் கட்டைவிரல் குறியைவிட, “நீ சொன்ன அந்த மூன்றாவது பாட்டு” என்று தொடங்கும் இரண்டு வரி, அவரை அடுத்த வாரமும் எழுதவைக்கும்.