கடுகளவு பல்லுக்காக மண் அலசுவது எப்படி

டைனோசர் காலத்துப் பாலூட்டிகளைத் தேடப் போகிறவர்கள் முழு எலும்புக்கூட்டை எதிர்பார்த்துப் போகக் கூடாது. நம் நாட்டில் கிடைத்திருப்பவை பெரும்பாலும் ஒற்றைப் பற்கள். தொல்லுயிர் ஆய்வாளர்கள் ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்த டெக்கனோலெஸ்டெஸ், இந்தியாவின் கிரெட்டேசியஸ் காலத்திலிருந்து (டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டம்) தெரியவந்த முதல் பாலூட்டி. அதை உலகுக்குக் காட்டியவையும் கடுகளவு பற்கள்தான். கிடைத்த இடம் தெலங்கானாவின் விகாராபாத் பக்கம் இருக்கும் நஸ்கல் என்ற சிற்றூர். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடைப்பட்ட காலத்தில் அங்கே ஏரிகளும் குளங்களும் இருந்தன. அவற்றின் வண்டலைத்தான் நாம் அலசப் போகிறோம்.

நான் அரியலூர்க்காரி. சுண்ணாம்புச் சுரங்க மேடுகளில் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரின் புதைபடிவங்களைப் பொறுக்கி வளர்ந்தவள். கண்ணுக்குத் தெரிவதைத்தான் எடுக்க முடியும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்துக் கல்லமேட்டிலிருந்து ஒரு சிறிய டைனோசரின் ஒற்றைப் பல் 2013-இல் அறிவிக்கப்பட்டபோதுதான், எத்தனை முறை அந்த மண்ணை மிதித்துக் கடந்திருப்பேன் என்று நெஞ்சு பதைத்தது. அதன் பிறகு மண் அலசக் கற்றுக்கொண்டேன்.

முதலில் அனுமதி. நிலத்துக்காரரிடம் கேளுங்கள், ஒரு பல்கலைக்கழக நிலவியல் துறையுடன் சேர்ந்து செய்யுங்கள். எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று தெரியாத பல் அறிவியலுக்குப் பயன்படாது. சாக்கு நிரம்பியதும் இடம், அடுக்கு, தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி, சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே வையுங்கள். வெளியேயும் ஒன்று கட்டுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.

எந்த மண்ணை எடுப்பது? நத்தை ஓடுகளும் மீன் செதில்களும் தென்படுகிற, சுண்ணாம்பு கலந்த களிமண் அடுக்கைத் தேர்ந்தெடுங்கள். ஐம்பது கிலோவுக்குக் குறைவாக எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

அடுத்தது உலர்த்துதல். இந்தப் படியில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கட்டிகளைக் கோலிக்குண்டு அளவுக்கு உடைத்து, தார்ப்பாயில் பரப்பி, கையில் ஈரப்பிசுக்கே தெரியாதவரை வெயிலில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த களிமண் தண்ணீரில் போட்டதும் தானாகவே பொலபொலவென்று உதிரும். உதிர மறுத்தால், காய்ந்த கட்டிகளை மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். நுண்துளைகளுக்குள் புகுந்த எண்ணெயைத் தண்ணீர் வெளியே தள்ளும்போது கட்டி உள்ளிருந்தே சிதறும். மண்ணில் ஈரம் இருந்தால் எண்ணெய் உள்ளே போகவே போகாது. அதனால்தான் வெயில் முக்கியம். இதைத் திறந்த வெளியில், நெருப்பு அண்டாத இடத்தில் மட்டுமே செய்யுங்கள். சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிவிட்ட மண்ணுக்கு நீர்த்த அசெட்டிக் அமிலம் தேவைப்படும். அதை ஆய்வகத்தில், தெரிந்தவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பக்கமே போகாதீர்கள். அது பல்லையும் தின்றுவிடும்.

சல்லடை இரண்டு வேண்டும். மேலே 2 மில்லிமீட்டர் கண், கீழே 0.5 மில்லிமீட்டர் கண். ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலை போதும் என்று நினைக்காதீர்கள். அதன் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். நீங்கள் தேடுகிற பல் அதில் நழுவி வாய்க்காலோடு போய்விடும். சல்லடையைக் குழாய்க்கு அடியில் பிடிக்கவும் கூடாது. தொட்டித் தண்ணீரில் பாதி அமிழ்த்தி, அரிசியில் கல் அரிப்பதுபோல் மெல்ல அசையுங்கள். விரலால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பல்லின் வேர் ஊசிமுனை போல மெலிந்தது, பட்டென்று ஒடிந்துவிடும்.

ஓரிடத்து மண் முடிந்ததும் சல்லடையைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். இதில் நான் கண்டிப்பானவள். மத்தியப் பிரதேசத்தின் டிக்கி பாறைகளிலிருந்து ஒரே ஒரு கடைவாய்ப் பல்லை வைத்து 2005-இல் டிக்கிதீரியம் என்ற டிரயாசிக் காலத்து (டைனோசர் யுகத்தின் முதல் கட்டம்) உயிர் விவரிக்கப்பட்டது. அது மிகப் பிற்காலத்து மூஞ்சூறு ஒன்றின் பல் என்று 2024-இல் வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இடையே ஏறத்தாழ இருபது கோடி ஆண்டு வித்தியாசம். ஒற்றைப் பல்லை நம்பி நிற்கிற துறை இது. உங்கள் சல்லடையில் பழைய மண் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த நம்பிக்கையை நீங்களே உடைக்கிறீர்கள்.

சல்லடையில் மிஞ்சிய கசடு நிழலில் உலரட்டும். பிறகு கருப்புத் தட்டில் ஒரு சிட்டிகை தூவி, இரட்டைக்கண் நுண்ணோக்கியில் பத்து மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். முதலில் கண்ணில் படுவன பாலூட்டியுடையவை அல்ல. சாய்சதுரமாகப் பளபளப்பவை மீன் செதில்கள். சுருள் வரியோடிய குட்டி உருண்டைகள் காரா என்னும் நீர்ப்பாசியின் விதைக்கூடுகள். அவரைவிதை வடிவத்தில் இரட்டை ஓடுள்ளவை ஆஸ்ட்ரகோடுகள் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிர்கள். தட்டையான மேற்பரப்பும் சீப்புப் பல் போல வரிசையான வேர்களும் இருந்தால் அது திருக்கை மீனின் பல். புதியவர்கள் இதைப் பார்த்துத்தான் துள்ளுவார்கள்.

டெக்கனோலெஸ்டெஸின் கீழ்க் கடைவாய்ப் பல் எப்படி இருக்கும்? முன்புறம் மூன்று கூர்முகடுகள் உயர்ந்து நெருங்கி நிற்கும். பின்புறம் தாழ்வாக ஒரு சிறு கிண்ணம். மேல் பல்லின் உட்புற முகடு அந்தக் கிண்ணத்தில் இறங்கும், உரலும் உலக்கையும்போல. முன்பகுதி பூச்சியின் ஓட்டை வெட்டும், பின்பகுதி இடிக்கும். கீழே இரண்டு வேர்கள். எனாமல் தேன் தடவியதுபோல் மின்னும். இந்த வடிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் ஆயிரம் மணல் துகள்களுக்கு நடுவிலும் அடையாளம் தெரியும். உயரமாக, பக்கவாட்டில் பள்ளம் ஓடுகிற பல் வந்தால் அது பாரத்தீரியம் போன்ற, கோண்டுவானாதீர் என்னும் அழிந்துபோன பாலூட்டிக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். குட்டி எலும்புகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். டெக்கனோலெஸ்டெஸ் மரமேறி என்று சொல்ல முடிந்ததே அதன் கணுக்கால் எலும்புகளால்தான்.

எடுப்பதற்கு இடுக்கி வேண்டாம். நான் ஒருமுறை இடுக்கியால் அழுத்தியபோது ஒரு முன்கடைவாய்ப் பல் துள்ளித் தெறித்தது. தரையை இரண்டு நாள் பெருக்கி, தூசியையும் சலித்தேன், கிடைக்கவில்லை. மிக மெல்லிய 000 எண் தூரிகையின் நுனியை நனைத்துத் தொடுங்கள், பல் ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே நீரில் கரையும் பசையால் குண்டூசித் தலையில் நிறுத்தி, மூடியுள்ள குப்பியில் எண்ணிட்டு வையுங்கள்.

பார்த்து முடித்த கசடைக் கொட்டிவிடாதீர்கள். சீட்டோடு டப்பாவில் போட்டு, ஒரு மாதம் கழித்து வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இரண்டு முறை பார்த்து மூடிவைத்த ஒரு டப்பாவில், என் மாணவி முதல் நாளே உடைந்த பல் ஒன்றைக் கண்டெடுத்தாள். ஒற்றை வேர், பாதி முகடு. அது எதனுடையது என்று இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.