'ஒய்' அழுத்த முதல் பட்டியலை வாசியுங்கள்: உபுண்டுவில் பொதி போடுவதும் எடுப்பதும்

கல்லடியில் நாங்கள் நடத்துகிற சின்னக் கணினி வகுப்பில் ஆறு பழைய மெசின்கள் இருக்கின்றன, ஆறிலும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம்தான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டுகிற திரையில், ஒரு பொதியை (புரோகிராமை) போடத் தெரிந்திருக்கும், எங்கேயாவது ஒரு வரியைப் பார்த்து அப்படியே ஒட்டியிருப்பார்கள். சிக்குப்படுவது எடுக்கும்போதுதான். அதனால் போடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு எடுப்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.

முதலில் 'சூடோ அப்ட் அப்டேட்' ('சூடோ' என்றால் நிர்வாகி அனுமதியோடு, 'அப்ட்' என்றால் பொதிகளைப் போட்டு எடுக்கிற கருவி). பெயரைப் பார்த்து இது எல்லாவற்றையும் புதுப்பித்துவிடும் என்று நினைக்காதீர்கள், எந்தப் பொதி எந்தப் பதிப்பில் கிடைக்கிறது என்ற பட்டியலை மட்டும்தான் இறக்கும். அந்தப் பட்டியல் பழசாக இருந்தால் இன்ஸ்டோல் பாதியில் '404', அதாவது கோப்பு இல்லை, என்று நிற்கும், காரணம் உங்கள் மெசின் கேட்கிற பதிப்பை சேர்வரில் எப்போதோ மாற்றியிருப்பார்கள். அப்புறம் 'சூடோ அப்ட் இன்ஸ்டோல் எச்டொப்', அவ்வளவுதான் (எச்டொப் உதாரணத்துக்கு ஒரு பொதியின் பெயர்). பொதியின் சரியான பெயர் தெரியாவிட்டால் 'அப்ட் சேர்ச்', அது என்ன செய்யும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்க 'அப்ட் ஷோ'. இந்த இரண்டுக்கும் சூடோ தேவையில்லை. பழைய குறிப்புகளில் 'அப்ட்-கெட்' என்று இருக்கும், 'அப்ட்' என்ற குட்டைக் கட்டளை 2014 இல் தான் வந்தது. கையால் தட்டுவதற்குப் புதியதே வசதி.

இன்ஸ்டோல் கொடுத்ததும் திரையில் நாலைந்து வரி வரும், கேட்ட பொதியோடு வேறு பொதிகளும் வர வேண்டியிருந்தால் 'ஒய்'யா (ஆம்) 'என்'னா (இல்லை) என்று கேட்டு நிற்கும். அங்கே நிற்க வேண்டும். எவ்வளவு எம்பி இறக்கப் போகிறது, டிஸ்கில் எவ்வளவு போகும், கூட வருகிற துணைப் பொதிகள் எவை, எல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கின்றன. ஃபோன் டேட்டாவைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற நமக்கு அந்த எம்பி கணக்கு சின்ன விஷயமில்லை.

இரவு டேட்டா இருக்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 'சூடோ அப்ட்-கெட் இன்ஸ்டோல் --டவுன்லோட்-ஒன்லி' என்று கொடுத்துப் பொதியின் பெயரைப் போட்டால் இறக்கி மட்டும் வைக்கும், பகலில் வழமைபோல் இன்ஸ்டோல் கொடுத்தால் டேட்டா போகாது. இறக்கியதெல்லாம் /வார்/கேச்/அப்ட்/ஆர்க்கைவ்ஸ் என்ற இடத்தில் கிடக்கும். நாங்கள் ஒரு மெசினில் இறக்கி, அந்த டெப் கோப்புகளை (பொதிகள் வருகிற கோப்பு வகை) பென்ரைவில் எடுத்து, மற்ற ஐந்திலும் அந்தக் கோப்புறைக்குள் நின்று 'சூடோ அப்ட் இன்ஸ்டோல் ./*.டெப்' என்று போடுகிறோம். அந்தப் புள்ளியும் சாய்கோடும் விடுபட்டால் அப்ட் அதைக் கோப்பு என்று எடுக்காது. ஆறு மெசினிலும் ஒரே உபுண்டுப் பதிப்பு இருப்பதால்தான் இது சரிவருகிறது. இதற்கு அப்ட்-கெட்டைச் சொல்வதற்கும் காரணம் உண்டு, 'அப்ட்' இன்ஸ்டோல் முடிந்ததும் இறக்கிய கோப்பைத் தானே அழித்துவிடும், அப்ட்-கெட் வைத்திருக்கும். மறுகா இடம் தேவைப்பட்டால் 'சூடோ அப்ட் க்ளீன்'.

சரி, எடுப்பதற்கு வருவோம். 'சூடோ அப்ட் ரிமூவ்' புரோகிராமைத்தான் எடுக்கும், /எட்சி கோப்புறையில் உள்ள அமைப்புக் கோப்புகளை அப்படியே விட்டுவைக்கும், திரும்பப் போட்டால் பழைய அமைப்போடு வரும். அதையும் சேர்த்து எடுப்பது 'சூடோ அப்ட் பேர்ஜ்'. இரண்டுமே உங்கள் ஹோம் கோப்புறையைத் தொடாது, அங்கே அந்தப் புரோகிராம் எழுதி வைத்தவற்றை நீங்களே பார்த்து அழிக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் களுவாஞ்சிக்குடியிலிருந்து வருகிற ஒரு தம்பி ஒரு பின்னேரம் முழுக்கக் கஷ்டப்பட்டான். உயர்தர புரொஜெக்ட் ஒன்றுக்காக அப்பாச்சி என்ற வலைச் சேர்வரைப் போட்டு, அமைப்பைக் குழப்பி, புதிதாகத் தொடங்குவோம் என்று ரிமூவ் கொடுத்துவிட்டு /எட்சி/அப்பாச்சி2 கோப்புறையைக் கையாலேயே அழித்திருக்கிறான். திரும்ப இன்ஸ்டோல் செய்தால் அப்பாச்சி எழும்பவில்லை, அமைப்புக் கோப்பைக் காணவில்லை என்கிறது. "சேர், ஆறு தரம் போட்டுப் பாத்திட்டன், வருகுதில்ல" என்றான். அறுபது தரம் போட்டாலும் வந்திராது. அமைப்புக் கோப்பை நீங்கள் கையால் அழித்தால், அப்டுக்கு அடியில் வேலை செய்கிற டிபிகேஜி என்ற கருவி அதை உங்கள் முடிவு என்று எடுத்துக்கொண்டு திரும்ப வைக்காது. வழி இதுதான்: 'சூடோ அப்ட் பேர்ஜ் அப்பாச்சி2', அதன்பிறகு இன்ஸ்டோல். பேர்ஜ் அந்த நினைவையும் துடைத்துவிடுவதால் புதுக் கோப்புகள் வரும். ரிமூவ் செய்து நாளாகிவிட்ட பொதிக்கும் பேர்ஜ் கொடுக்கலாம். எவை அப்படிப் பாதியில் கிடக்கின்றன என்று பார்க்க 'டிபிகேஜி -எல்' தட்டுங்கள், வரியின் தொடக்கத்தில் 'ஆர்சி' என்று இருப்பவை புரோகிராம் போய் அமைப்பு மட்டும் மிஞ்சியவை.

துணைப் பொதிகள் ரிமூவ் செய்ததும் போய்விடாது, 'சூடோ அப்ட் ஓட்டோரிமூவ்' கொடுத்தால்தான் வேறு எதற்கும் தேவைப்படாதவை போகும். இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு ஒய் போடாதீர்கள். துணையாக வந்த ஒன்றை நீங்கள் தினமும் பாவித்துக்கொண்டிருக்கலாம், அது அப்டுக்குத் தெரியாது. அப்படி ஒன்று பட்டியலில் இருந்தால் 'என்' கொடுத்து வெளியே வந்து, 'சூடோ அப்ட்-மார்க் மேனுவல்' என்று போட்டு அதன் பெயரைக் கொடுங்கள், பிறகு அதில் கைவைக்காது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது பைதன்3 என்ற நிரல்மொழிப் பொதியை எடுக்கப் போகிறவர்களைப் பார்த்துத்தான். புதுப் பதிப்புப் போட வேண்டும், பழையதை எடுத்துவிடுவோம் என்று நினைப்பார்கள். உபுண்டுவின் எத்தனையோ பகுதிகள் அந்தப் பைதனில்தான் நிற்கின்றன, அதை எடுத்தால் டெஸ்க்டொப்பையும் இழுத்துக்கொண்டு போகும். அப்ட் இதை மறைப்பதில்லை, எவையெல்லாம் நீக்கப்படும் என்று வரிவரியாகக் காட்டிவிட்டுத்தான் கேட்கும். ஒரு பொதியை எடுக்கச் சொன்னதற்கு ஐம்பது பெயர் வந்தால் 'என்' அழுத்துங்கள். ஒத்திகை பார்க்க விரும்பினால் 'அப்ட் ரிமூவ் --சிமுலேட்' என்று பொதிப் பெயரோடு கொடுங்கள், ஒன்றையும் தொடாமல் நடக்கப் போவதை மட்டும் காட்டும். ஒய்யைத் தானாகவே கொடுக்கிற '-ஒய்' என்ற துண்டு நகலெடுத்த வரியில் இருந்தால், எடுக்கும் கட்டளையிலாவது அதை வெட்டிவிடுங்கள்.

மெசினைப் போட்ட உடனே இன்ஸ்டோல் கொடுத்தால் சிலவேளை லொக் (பூட்டு) என்று சொல்லிக் காத்திருக்கும். பின்னால் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள். லொக் கோப்பை அழிக்கச் சொல்கிற அறிவுரையைக் கேட்காதீர்கள், இரண்டு புரோகிராம் ஒரே நேரத்தில் எழுதினால் பொதிகளின் பதிவேடே கெட்டுப்போகும்.

இன்ஸ்டோல் நடுவில் கரண்ட் போனால் பதறத் தேவையில்லை. மெசினைப் போட்டு முதலில் 'சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ', அது பாதியில் நின்ற பொதிகளை முடித்துவைக்கும், அதன்பிறகு 'சூடோ அப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டோல்'. இரண்டாவது கட்டளை சிலவேளை சில பொதிகளை எடுக்கவும் கேட்கும், அதிலும் பட்டியலை வாசித்த பிறகுதான் ஒய். என்ன போட்டோம் என்ன எடுத்தோம் என்று மறந்துவிட்டால் /வார்/லொக்/அப்ட்/ஹிஸ்டரி.லொக் கோப்பை (இந்த லொக் பூட்டு இல்லை, பதிவு) திறந்து பாருங்கள், திகதியும் நேரமும் நீங்கள் தட்டிய கட்டளையும் அப்படியே இருக்கும்.